காத்திருந்து பார்த்த ஊர்கள்

திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்கு காரில் போய்க்கொண்டிருந்தோம். ஆடி மாதத்துச் சனிக்கிழமை. பேட்டை தாண்டியதுமே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அந்த மாடி தெரியுதா? அங்க ஒரு எலும்பு டாக்டர் இருந்தார். ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் ரெப்பைப் பார்ப்பார்."

இரண்டு கிலோமீட்டர் போனதும், "இந்தப் பச்சை கேட் ஒரு லேடி டாக்டர் வீடு. நாய் உண்டு, ஜாக்கிரதையா போகணும்" என்றேன்.

பின் சீட்டில் மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, பதினாலு வருஷம் இந்த ரோட்டுல ஓடியிருக்கீங்க. ஒரு கோயில், ஒரு குளம்னு ஏதாவது காட்டுவீங்கன்னு பார்த்தா, வழி முழுக்க டாக்டர் வீடாவே காட்டுறீங்களே!"

பதில் சொல்ல முடியவில்லை. 2003 முதல் 2017 வரை நான் மெடிக்கல் ரெப். திருநெல்வேலி - தென்காசி சாலையின் சுமார் 55 கிலோமீட்டரும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஊர்களை எல்லாம் நான் ஒரே இடத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சிலிருந்து.

எக்ஸா, அவுட்டா?

நீங்கள் எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் எங்களைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கும்போது, இன் பண்ணிய சட்டையும் கனமான கறுப்புப் பையுமாக ஒருவர் வந்து சுவரோரம் நிற்பார். உங்கள் டோக்கனுக்கு நடுவில் சட்டென்று உள்ளே போய்விட்டு வருவார். 'இவர் வேற நடுவுல' என்று நீங்கள் மனதுக்குள் திட்டியிருப்பீர்கள். அந்த ஆள்தான் நான்.

உள்ளே எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். சில நாள் நாற்பது விநாடி. அதற்குள் நாலைந்து மருந்துகளின் பெயரை, அவை ஏன் நல்லவை என்பதை, படம் போட்ட அட்டையைப் புரட்டியபடி சொல்லி முடிக்க வேண்டும். டாக்டர் தலையாட்டுவார். எழுதுவாரா, மாட்டாரா என்பது பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால்தான் தெரியும். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பதினொரு டாக்டர், ஐந்தாறு கடை. இரவு அதை எல்லாம் ரிப்போர்ட்டாக எழுத வேண்டும். ஆரம்பத்தில் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்பினோம். பிறகு போன் வந்தது. எந்த நிமிடம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே கம்பெனிக்குத் தெரிய ஆரம்பித்தது.

எங்களுக்கு ஊர்கள் மூன்றே வகை. வீடு இருக்கிற ஊர் ஹெட்குவார்ட்டர்ஸ். காலையில் போய் இரவு வீடு திரும்புகிற ஊர் எக்ஸ் ஸ்டேஷன். லாட்ஜில் தங்குகிற ஊர் அவுட் ஸ்டேஷன். ஆலங்குளமும் பாவூர்சத்திரமும் எனக்கு எக்ஸ். தென்காசியும் செங்கோட்டையும் அவுட். படிக்காசும் அதற்கேற்ப மாறும். மகள் எல்.கே.ஜி. படிக்கும்போது காலையில் ஷூ போடும் சத்தம் கேட்டதும் ஓடி வந்து கேட்பாள்: "அப்பா, இன்னைக்கு எக்ஸா, அவுட்டா?"

எக்ஸ் என்றால் தூங்கிய பிறகாவது அப்பா வருவார். அவுட் என்றால் வர மாட்டார். அவளுக்குத் தெரிந்த முதல் ஆங்கில வார்த்தைகளில் அவை இரண்டும் உண்டு.

எதிர்காற்று

ஆலங்குளம் நெருங்கும்போது காரின் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். காற்று ஊ என்று உள்ளே பாய்ந்தது. மகளின் தலைமுடி முகத்தை மூடிக்கொண்டது.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும் காலத்தில், செங்கோட்டை ஆரியங்காவு கணவாய் வழியாக ஒரு காற்று இந்தப் பக்கம் வரும். இங்கே கண்ணுக்கு எட்டியவரை காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருப்பது அதை நம்பித்தான். பைக்கில் தென்காசியை நோக்கிப் போகிறவனுக்கு அது நேர் எதிர்காற்று. முறுக்கு முறுக்கு என்று முறுக்கினாலும் வண்டி நாற்பதைத் தாண்டாது. கழுத்தில் கட்டிய டை தோளைச் சுற்றி முதுகில் அடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். ரெப்புகளுக்குள் ஒரு பேச்சு உண்டு: "போறது கம்பெனி பெட்ரோல், வர்றது சாமி பெட்ரோல்."

அப்போது இந்தச் சாலையின் இருபுறமும் பெரிய மரங்கள் நின்றன. வெயிலுக்கும் மழைக்கும் அவற்றின் அடியில் வண்டியை நிறுத்திப் பையை மட்டும் நனையாமல் அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது நான்கு வழிச்சாலை வந்துவிட்டது. கார் வழுக்கிக்கொண்டு போகிறது. மரங்கள் இல்லை.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடையாளம் இருக்கும் அல்லவா? அல்வா, பாய், கடலை மிட்டாய் என்று. எங்களுக்கு ஊரின் அடையாளம் அங்கே எந்த மாத்திரை ஓடுகிறது என்பது. ஆலங்குளத்தில் வலி மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் ஓடும். காரணம், இந்தப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, காலை முதல் பொழுது சாயும்வரை தலை குனிந்தபடியே இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டுகிற பெண்கள். கழுத்து வலி, தோள்பட்டை வலி, தூளினால் வருகிற இருமல். மூட்டை தூக்கும் ஊரில் இடுப்பு வலி. சீசன் நேரத்துக் குற்றாலத்தில் சளி, காது வலி. மருந்துக் கடை அலமாரியைக் காட்டினால் போதும், அந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

ஆலங்குளத்து கிளினிக் ஒன்றை என்னால் மறக்க முடியாது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் கிடக்கும் ஷூக்களை எண்ணினாலே உள்ளே எத்தனை ரெப் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சாக்ஸில் பெருவிரல் ஓட்டை இருந்தால் காலை மடக்கி நிற்க வேண்டியதுதான்.

ஒரு மழைநாள் இரவு, வாசலில் மூன்று ஜோடி ஷூக்கள். என்னுடையது நான்காவது. பெஞ்சில் ஒரு பெண், மடியில் காய்ச்சலில் துவண்டுபோன குழந்தை. கம்பவுண்டர் எங்களைப் பார்த்து, "ரெப் எல்லாம் வாங்க, சார் அஞ்சு நிமிஷத்துல பார்த்துடுறேங்கறார்" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தயங்கினேன். அவர் என் தயக்கத்தைப் புரிந்துகொண்டு சொன்னார்:

"போயிட்டு வாங்க தம்பி. ஒங்க வீட்லயும் புள்ள காத்துக் கெடக்கும்லா."

'நீங்க முதல்ல போங்கம்மா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாவூர்சத்திரத்தில் ஒன்பதே முக்காலுக்கு இன்னொரு டாக்டர் இருந்தார். சொல்லவில்லை. உள்ளே போனேன். அன்று நான் பேசியது, குழந்தைகளின் காய்ச்சல் மருந்தைப் பற்றி.

மார்ச் 31

பாவூர்சத்திரம் வந்தது. கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள் வழக்கம்போல் மார்க்கெட் பக்கம் நின்றன. மேற்கே மலை நீலமாக எழுந்து நின்றது. அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தால் அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கணக்கு. அன்று உட்கார்ந்திருந்தது.

"பக்கத்துல கீழப்பாவூர்ல பதினாறு கை நரசிம்மர் கோயில் இருக்காமே, போயிட்டுப் போகலாமா?" என்றாள் மனைவி.

"வரும்போது பாத்துக்கலாம்" என்று நான் வேகத்தைக் கூட்டினேன்.

"ஏன் இந்த ஊர் வந்தா மட்டும் ஓடுறீங்க? இங்க ஒரு டாக்டர் வீட்டைக்கூடக் காட்டலியே!"

அவளிடம் அப்போது சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

2009 மார்ச் கடைசி வாரம். என் டார்கெட்டில் நிறைய துண்டு விழுந்திருந்தது. காலை, மதியம், இரவு என்று மேனேஜர் போனில் வந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு மேலே ஒரு மேனேஜர், அவருக்கும் மேலே ஒருவர். "மூணு மாசமா அச்சீவ் பண்ணலைன்னா நான் என்ன பதில் சொல்லுறது?" என்பது மட்டும் மேலிருந்து கீழே ஒரே வாக்கியமாக இறங்கிவரும். எங்களைப் போன்ற விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதம், விடுப்பு போன்றவற்றை உறுதிசெய்ய 1976-லேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆனால் மார்ச் 31-ம் தேதி இரவு எட்டு மணிக்கு வரும் போனுக்கு எந்தச் சட்டத்திலும் மருந்து இல்லை.

இந்த வியாபாரத்தின் கணக்கு இப்படி. கம்பெனியிலிருந்து சரக்கு மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டுக்குப் போனாலே கம்பெனி கணக்கில் அது விற்பனை. ஆனால் ஸ்டாக்கிஸ்ட் சும்மா வாங்குவாரா? "போன மாசச் சரக்கே அப்படியே கெடக்கு. அதைக் கடைகளுக்குத் தள்ளிவிடுங்க, புது ஆர்டர் தர்றேன்" என்பார். தள்ளுவது என்ற சொல்தான் எங்கள் தொழிலில் புழங்கும். டாக்டர் எழுதி, நோயாளி கேட்டு, கடைக்காரர் வாங்குவது விற்பது. மாதக் கடைசியில் நடப்பது தள்ளுவது.

பாவூர்சத்திரத்தில் எனக்கு ஒரு சின்ன மெடிக்கல் ஷாப் இருந்தது. அந்த அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எதிர்காற்றில் வந்து இறங்கினால், "முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று பின்பக்கம் குழாயைக் காட்டுவார். டீ வரும். எந்த டாக்டர் எந்த மருந்துக்கு மாறியிருக்கிறார், எந்த ஊரில் காய்ச்சல் பரவுகிறது, எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். கம்பெனி எனக்குக் கொடுத்த பயிற்சியைவிட அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கற்றது அதிகம்.

மார்ச் 30-ம் தேதி மாலை அவரிடம் போய் நின்றேன். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப். பொடியாக இருக்கும், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். பாட்டில் 35 ரூபாய். முந்நூறு பாட்டில் எடுக்கச் சொன்னேன். அவர் கடைக்கு முப்பதே அதிகம்.

"மழைக்காலம் வந்தா ஓடிடும் அண்ணாச்சி. ஓடலைன்னா நான் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

"கம்பெனி எடுக்குமா?"

"நான் எடுக்கேன் அண்ணாச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். டார்கெட் முகம் அவருக்குத் தெரியாததா? "சரி, பில்லு போடச் சொல்லுங்க" என்றார்.

ஜூனில் அந்த மருந்தை எழுதிக்கொண்டிருந்த குழந்தை டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அறுபது பாட்டில் விற்றது. மீதி 240 பாட்டிலும் டிசம்பரில் காலாவதி. கம்பெனியில் கேட்டேன். சலுகையில் போன சரக்கைத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. 240 பாட்டில், 8,400 ரூபாய். அப்போது என் சம்பளத்தில் அது பெரிய தொகை. அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய தொகை.

முதலில் 3,000 ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மீதி அடுத்த மாசம் அண்ணாச்சி" என்றேன். அடுத்த மாதம் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ். அதற்கடுத்த மாதம் வேறு ஏதோ. பிறகு அவர் கடைக்குப் போக வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்து டாக்டர்களை எதிர்ச்சாரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். 2010-ல் எனக்கு வள்ளியூர், நாகர்கோவில் பக்கம் லைன் மாறியது. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. இரண்டு வருடம் கழித்துத் தென்காசி லைன் திரும்பக் கிடைத்தபோதும் பாவூர்சத்திரத்தில் அந்தக் கடை இருக்கும் தெருவுக்கு மட்டும் நான் போகவே இல்லை. ரிப்போர்ட்டில் போனதாக எழுதிக்கொண்டேன்.

கோபுர வாசல் காற்று

தென்காசி. நான் வேலை பார்த்த காலமெல்லாம் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த ஊர், 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரத்தை இந்த ஊரில் எந்த கிளினிக் மாடிப்படியிலிருந்தும் பார்க்கலாம். இடிந்து கிடந்த கோபுரம் 1990-ல்தான் மறுபடி முழுசாக எழுந்து நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து நான் அதன் நிலைகளை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. கோயில் நடை திறந்திருக்கும் நேரத்தில் டாக்டர்களும் திறந்திருப்பார்களே!

அன்று முதல் முறையாகப் போனேன். கோபுர வாசலைத் தாண்டும்போது காற்று ஆளைத் தூக்குவதுபோல் அடித்தது. உள்ளே போனதும் திசையே மாறிவிட்டதுபோல் இருந்தது. வேட்டியைப் பிடித்துக்கொள்வதா, பிரசாதத் தட்டைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. போகிறவர்கள் கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றுவிட்டுப் போங்கள். எந்த ஏ.சி.யிலும் கிடைக்காத சுகம்.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது மகள் போனில் கோயில் வரலாற்றைத் தேடி வாசித்தாள். பதினைந்தாம் நூற்றாண்டில் இதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறானாம். காலப்போக்கில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் நான் விழுந்து வணங்குகிறேன் என்று பொருளாம்.

"ராஜாவேவாப்பா கால்ல விழுறேன்னு எழுதினார்?" என்று ஆச்சரியப்பட்டாள்.

கட்டியவனுக்கே தெரிந்திருக்கிறது, குறை வரும் என்று. நான் எழுந்து ஒரு சுற்று தனியாக நடந்துவிட்டு வந்தேன்.

சாரலும் இருமலும்

மதியம் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டோம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லை நகர்ந்துபோன பிறகும் 'பார்டர்' என்ற பேர் மட்டும் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது. இங்கே சாப்பிடாத ரெப் இருக்க முடியாது. படிக்காசு மிச்சம் பிடிக்க இரண்டு பரோட்டாவோடு எழுந்துவிட்ட நாட்களும் உண்டு.

சாயங்காலம் ஐந்தருவி. சாரல் தூறிக்கொண்டே இருந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். உங்களுக்கு அது குளியல், எண்ணெய் மசாஜ், மங்குஸ்தான், ரம்புட்டான். எங்களுக்கு அது இருமல் மருந்து சீசன். ஊரே தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் காய்ந்த சட்டையோடு, ஈரம் படாமல் பையைப் பிடித்துக்கொண்டு, எந்த லாட்ஜ் பக்கத்து கிளினிக்கில் கூட்டம் என்று பார்த்துக்கொண்டு போவோம். அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் பதினான்கு வருடம் வேலை. ஒருநாள்கூடத் தலை நனைத்ததில்லை. ஷூவைக் கழற்றி, டையை அவிழ்த்து, குளித்து, காய்ந்து, மறுபடி மாட்டுவதற்குள் மூன்று டாக்டர் போய்விடுவார்கள்.

அன்று நனைந்தேன். தண்ணீர் தலையில் விழும்போது காது அடைத்துப்போய் உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. போன் கரையில் மனைவியின் கைப்பையில் இருந்தது. யாரும் என்னை எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. போதும் என்று போலீஸ்காரர் விசில் ஊதும்வரை நின்றேன்.

தலை துவட்டும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு பாட்டில், 240 பாட்டில், 5,400 ரூபாய். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "அந்த ஃபீஸ் கட்டின ரூவா அதானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "ஏ.டி.எம். எங்க இருக்குன்னு பாருங்க" என்றாள்.

திரும்பும் வழி

பாவூர்சத்திரத்தில் கடை அதே இடத்தில்தான் இருந்தது. பெயர்ப் பலகை மட்டும் பெரிதாகி, வெளிச்சமாகியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு இளைஞர், மகனாக இருக்க வேண்டும். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி. முடி முழுசாக நரைத்திருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கி என்னைப் பார்த்தார். பை இல்லாமல், டை இல்லாமல், ஈரத் தலையோடு நான் நின்றேன்.

"ஏ... சிரப்பு சார்வாளா? வாங்க, வாங்க. எங்க போனீய இத்தன வருசமா?"

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. கவரை நீட்டினேன். "மீதி ரூவா அண்ணாச்சி. அஞ்சாயிரத்து நானூறு. வட்டியும் சேர்த்துப் பத்தாயிரமா வச்சிருக்கேன். தப்பா நினைக்காதீங்க."

அவர் கவரை வாங்கிப் பிரித்தார். ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். வேண்டாம் என்று மறுப்பார் என எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அவர் மறுக்கவில்லை. 5,400 எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். மீதியைக் கவரோடு திருப்பித் தந்தார்.

"வட்டிக்கு விடுத யாவாரம் நான் பாக்கல." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா சார்வாள், என் கணக்குல அஞ்சாயிரத்து அறுநூறுல்லா நிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த எரநூறு என்னது அண்ணாச்சி?"

"நீங்க குடிச்ச டீ."

கடையே சிரித்தது. மகன், கடைப் பையன், வாசலில் நின்ற என் மனைவி, எல்லோரும். நான் நிஜமாகவே பையிலிருந்து இருநூறு எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். அந்த ரூவா எனக்குப் பெருசா தெரியல. நீங்க எதிர்ச்சாரியில பைய மறைச்சுக்கிட்டுப் போவீயள்லா, அதப் பாக்கத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு."

பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார்.

டீ வந்தது. இப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன் என்று சொன்னேன். டாக்டர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த நெறிமுறை பற்றிப் பேச்சு வந்தது. "அதெல்லாம் சரி, மாசக் கடைசில வருதது இப்பவும் அதே மூஞ்சிதான்" என்று அண்ணாச்சி வாசலைக் காட்டினார்.

உண்மைதான். வாசலில் ஒரு பையன், இருபத்து நான்கு வயது இருக்கலாம், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றான். தலையெல்லாம் புழுதி. கறுப்புப் பை. எங்கள் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தான். அண்ணாச்சி அவனிடம் பின்பக்கத்தைக் காட்டினார்.

"முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க தம்பி."

எழுந்தோம். கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்கு நடை சாத்தும் முன் போய்விடலாம் என்று அண்ணாச்சியே வழி சொன்னார். போனோம். ஊர் அமைதியாக இருந்தது. தெருவில் மகள் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காட்டி, "ப்பா, இது எந்த டாக்டர் வீடு?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன். பதினான்கு வருடத்தில் இந்தத் தெருவுக்கு நான் வந்ததே இல்லை.

இருட்டிய பிறகு திருநெல்வேலிக்குத் திரும்பினோம். ஆலங்குளம் தாண்டும்வரை காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது.